கனரக இயந்திரங்களில் பின் பூட்டுகள்

பின் பூட்டு என்பது மண் தோண்டும் இயந்திரம், சுமை ஏற்றி, ஜேசிபி போன்ற கனரகக் கட்டுமான இயந்திரங்களின் மூட்டுகளில் உள்ள எஃகு ஆணிகள் தம் இடத்தைவிட்டு நழுவாமலும் சுழலாமலும் தடுக்கும் பாகம் ஆகும். இந்த எஃகு ஆணிகள் தொழில் வழக்கில் பின் எனப்படுகின்றன. லாக் போல்ட், லாக் பிளேட், சர்க்ளிப், கோட்டர் பின், பல் பின்னின் ரப்பர் பூட்டு ஆகியவை பரவலாகப் பயன்படும் பின் பூட்டுகள் ஆகும். இயந்திரத்தின் மொத்த விலையோடு ஒப்பிட இவற்றின் விலை மிகச் சிறியது. எனினும் ஒரு பூட்டு கழன்றால் பின் வெளியேறி வாளியோ கையோ கீழே விழுந்து உயிரிழப்பு ஏற்படக்கூடும்.

பெயரும் பின்னணியும்

பின் பூட்டு புதிய கருத்தன்று. மாட்டு வண்டியின் சக்கரம் அச்சிலிருந்து கழன்று விடாமல் அச்சின் முனையில் செருகப்படும் கடையாணி இதன் பழைய வடிவமாகும். சக்கரத்தின் மீது வரும் பாரத்தை அச்சு தாங்குகிறது. கடையாணி பாரம் எதையும் தாங்காமல், சக்கரம் பக்கவாட்டில் விலகுவதை மட்டும் தடுக்கிறது. திருக்குறளின் 667ஆம் குறளும் பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை உவமையாகக் குறிப்பிடுகிறது. கடையாணியின் தத்துவமே இன்றைய இருபது டன் இயந்திரத்தின் வாளிப் பின்னுக்கும் பொருந்துகிறது.

தமிழ்நாட்டில் இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலும் நிறுவனப் பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றன. முன்புறம் சுமை வாளியும் பின்புறம் தோண்டும் வாளியும் கொண்ட சக்கர இயந்திரத்தை, எந்த நிறுவனம் தயாரித்திருந்தாலும், ஜேசிபி என்பர். இப்பெயர் 1945இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு தொடங்கிய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமாகும். சங்கிலித் தடத்தில் நகரும் தோண்டும் இயந்திரம் பொக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் வழங்கப்படுகிறது. இவற்றுள் முன்னது பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர், பின்னது ஜப்பானிய நிறுவனத்தின் பெயர்.

மூட்டின் அமைப்பு

தோண்டும் இயந்திரத்தின் முன்பகுதி பூம், கை, வாளி என மூன்று முதன்மை உறுப்புகளைக் கொண்டது. இவை ஒன்றோடொன்றும் நீரியல் சிலிண்டர்களோடும் பின்களால் இணைக்கப்படுகின்றன. ஒரு மூட்டில் பின்வரும் பாகங்கள் இருக்கும்.

பின்: மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட உருளை வடிவ எஃகு. உள்பகுதி கடினமாக்கப்படாமல் தாங்குதிறனோடு விடப்படும்.

புஷ்: பின் சுழல்வதற்கான குழாய் வடிவ உறை. இது வழக்கமாகக் கையின் முனைத் துளைக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும்.

பாஸ்: பின்னின் இரு முனைகளையும் தாங்கும் தடித்த வளையப் பகுதி. வாளி மூட்டில் இது வாளியின் இரு காதுகளில் அமைந்துள்ளது.

சிம் வாஷர்: பக்கவாட்டு இடைவெளியை நிரப்பும் தட்டு வளையம்.

தூசித் தடுப்பு சீல், கிரீஸ் நிப்பிள் ஆகியவையும் மூட்டில் இடம்பெறும்.

வாளி அசையும்போது பின் வாளியோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். உராய்வு பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் மட்டுமே நிகழ வேண்டும் என்பதே இதன் நோக்கம். புஷ் தேய்ந்தால் அதை மாற்றிவிடலாம். ஆனால் பின் பாஸுக்குள் சுழலத் தொடங்கினால் வாளியின் உடலே தேயும். துளை நீள்வட்டமாகிவிட்டால் அதை வெல்டிங் மூலம் நிரப்பி, லைன் போரிங் இயந்திரத்தால் மீண்டும் கடைய வேண்டியிருக்கும். அந்நாட்களில் இயந்திரத்துக்கு வேலை இராது.

பூட்டின் பணி

பின் பூட்டுக்கு இரண்டு பணிகள் உண்டு. பின் நீளவாக்கில் நகர்ந்து வெளியேறாமல் தடுப்பது முதல் பணி. பின் பாஸுக்குள் தனியே சுழலாமல் நிறுத்துவது இரண்டாவது பணி. எல்லாப் பூட்டுகளும் இவ்விரண்டையும் செய்வதில்லை. சர்க்ளிப்பும் கோட்டர் பின்னும் நகர்வை மட்டுமே தடுக்கும். லாக் பிளேட்டும் குறுக்கே செல்லும் போல்ட்டும் இரண்டையும் தடுக்கும்.

தோண்டும் விசையைத் தாங்குவது பூட்டின் பணியன்று. அவ்விசை முழுவதையும் பின் தன் குறுக்குவெட்டில் தாங்க வேண்டும். ஆகவே ஒரு பூட்டு மீண்டும் மீண்டும் உடைகிறது என்றால், அதன் மீது வரக்கூடாத விசை வருகிறது என்று பொருள். பூட்டு வலிமை குறைந்தது என்பது அரிதாகவே காரணமாகிறது.

வகைகள்

குறுக்குப் போல்ட்டும் இரட்டை நட்டும்: தோண்டும் இயந்திரத்தின் வாளிப் பின்களில் மிகுதியாகக் காணப்படுவது. பாஸின் வெளிப்புறத்தில் உள்ள கழுத்து வளையத்தின் வழியாகவும் பின்னின் வழியாகவும் ஒரு போல்ட் குறுக்கே செல்லும். முனையில் இரண்டு நட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பூட்டப்படும். இவ்வகையில் போல்ட்டைக் கழுத்து வளையத்தோடு சேர்த்து இறுக்குவது தவறு. போல்ட் தன் துளையில் சற்று ஆடும்படி இடைவெளி விடப்பட வேண்டும். கையால் அசைத்தால் போல்ட் அசையும், நட்டுகள் மட்டும் அசையா. இதைத் தளர்வு என்று எண்ணிச் சிலர் முழுவதும் இறுக்குவதால் போல்ட் வளைந்து உடைகிறது.

லாக் பிளேட்: பின்னின் முனையில் வெட்டப்பட்ட பள்ளத்தில் அமரும் தட்டு. இது இயந்திரச் சட்டத்தில் போல்ட்டுகளால் பொருத்தப்படும். இங்குப் போல்ட்டுகளை உரிய முறுக்குவிசையில் இறுக்க வேண்டும்.

கொடிப் பின்: பின்னின் தலையில் ஒரு தட்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தட்டு ஒற்றைப் போல்ட்டால் சட்டத்தோடு இணைக்கப்படும். பூம் அடி மூட்டிலும் சிலிண்டர் மூட்டுகளிலும் இது காணப்படுகிறது.

முனைத் தட்டு: பின்னின் முனையில் மரையிட்ட துளைகளில் போல்ட்டுகளால் பொருத்தப்படும் வட்டத் தட்டு. போல்ட் அதிர்வில் கழலாதிருக்க மரைப் பசை இடுவர். எண்ணெய்ப் பசையை முற்றிலும் நீக்காவிட்டால் இப்பசை பிடிக்காது.

சர்க்ளிப்: பின்னின் பள்ளத்தில் அமரும் சுருள்வில் எஃகு வளையம். தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுவதால் இதன் ஒரு பக்க விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் சற்று வளைந்தும் இருக்கும். தள்ளுவிசையை ஏற்கும் பள்ளச் சுவரை நோக்கிக் கூர்மையான பக்கம் அமைய வேண்டும். அளவுக்கு மீறி விரித்த சர்க்ளிப்பை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

கோட்டர் பின்: இரண்டு கால்களைக் கொண்ட மென்மையான கம்பி. துளையில் செருகி, கால்களை விரித்து மடக்குவர். இது ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தக்கது. நிமிர்த்தி மீண்டும் மடக்கினால் மடிப்பில் முறிந்துவிடும்.

பல் பின்: வாளியின் பற்களை அவற்றின் அடித்தண்டோடு இணைக்கும் சிறிய பின். இதனை ரப்பர் பூட்டோ எஃகு வளையமோ பிடித்து வைக்கும். பல் தேய்ந்து மாற்றப்படும்போது பின்னையும் பூட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய ரப்பர் தன் அழுத்தத்தை இழந்திருக்கும்.

மாஸ்டர் பின்: சங்கிலித் தடத்தை ஒன்றாக இணைக்கும் இறுதிப் பின்.

விரியும் பின்: இரு முனைகளிலும் கூம்பு வடிவமும், அவற்றின் மீது பிளவுபட்ட உறைகளும் கொண்டது. போல்ட்டை இறுக்கும்போது உறை விரிந்து, தேய்ந்த பாஸின் துளையை இறுகப் பிடிக்கும். ஸ்வீடனின் எக்ஸ்பாண்டர் இவ்வகையில் அறியப்பட்டது. இதன் விலை சாதாரணப் பின்னைவிட அதிகம். எனினும் லைன் போரிங் செலவும் வேலை நிறுத்தமும் தவிர்க்கப்படும் இடங்களில் இது ஈடுகட்டும்.

தேர்வு செய்தல்

பூட்டைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் மாதிரி எண்ணும் பாக எண்ணும் ஆகும். ஒரே தோற்றமுடைய இரு போல்ட்டுகள் நீளத்திலோ மரையற்ற தண்டின் அளவிலோ வேறுபடலாம். குறுக்குப் போல்ட்டில் விசை வரும் இடத்தில் மரை இருக்கக் கூடாது. மரையின் பள்ளத்தில் குறுக்குவெட்டு குறைவாக இருப்பதோடு, விரிசலும் அங்கிருந்தே தொடங்கும்.

போல்ட்டின் தலையில் பொறிக்கப்பட்டுள்ள எண் அதன் வலிமை நிலையைக் குறிக்கும். 8.8 என்பதில் முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் எனக் கிடைக்கும். அதில் பத்தில் எட்டுப் பங்கு, அதாவது 640 மெகாபாஸ்கல், நிலையாக நீளத் தொடங்கும் எல்லையாகும். 10.9 நிலையில் இவை முறையே 1000, 900 மெகாபாஸ்கல் ஆகும். எண் எதுவும் பொறிக்கப்படாத போல்ட்டின் வலிமையை நம்ப இயலாது. மறுபுறம், 8.8 குறிப்பிடப்பட்ட இடத்தில் 12.9 இடுவதும் தீர்வன்று. மிகக் கடினமான போல்ட்டுகளில், குறிப்பாக மின்முலாம் பூசியவற்றில், வளையாமல் திடீரென முறியும் இயல்பு உண்டு.

நைலான் வளையமுள்ள நட்டுகள் அதிர்வுள்ள இடங்களுக்கு ஏற்றவை. ஆனால் சுமார் 120 பாகை செல்சியசுக்கு மேல் நைலான் தன் பிடிமானத்தை இழக்கும். பலமுறை கழற்றி மாட்டிய நட்டும் பிடிக்காது.

விசைக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

கிரீஸ் இல்லாத மூட்டில் பூட்டு ஏன் உடைகிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பின் மீது 100 கிலோநியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 10 டன் எடைக்குச் சமமான விசை, வருவதாகக் கொள்வோம். பாஸுக்குள் உள்ள உராய்வை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

நல்ல கிரீஸ் உள்ள நிலையில் உராய்வுக் கெழு 0.1 எனில், பின்னைச் சுழற்ற முயலும் முறுக்குவிசை 400 நியூட்டன் மீட்டர். குறுக்குப் போல்ட் இதை 120 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு முனைகளில் எதிர்கொண்டால், ஒவ்வொரு முனையிலும் வரும் விசை ஏறத்தாழ 3.3 கிலோநியூட்டன்.

கிரீஸ் வற்றி உராய்வுக் கெழு 0.4 ஆனால், இவ்விசை நான்கு மடங்காகி 13 கிலோநியூட்டனை எட்டும். 16 மில்லிமீட்டர், 8.8 நிலைப் போல்ட்டை ஒரே வெட்டில் அறுக்க ஏறத்தாழ 75 கிலோநியூட்டன் தேவை. எனவே போல்ட் உடனே அறாது. ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இருபுறமும் வளைக்கப்பட்டுச் சோர்வு விரிசல் காணும்.

பின் புஷ்ஷோடு முழுவதும் ஒட்டிக்கொண்டால் நிலைமை வேறு. அப்போது முறுக்குவிசைக்கு உராய்வு எல்லையாக இராது, நீரியல் சிலிண்டரின் விசையே எல்லையாகும். 100 கிலோநியூட்டன் விசை 0.4 மீட்டர் நெம்புகோல் நீளத்தில் செயல்பட்டால் 40,000 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அது போல்ட்டின் ஒவ்வொரு முனையிலும் 333 கிலோநியூட்டனாக வரும். எந்த நிலைப் போல்ட்டாலும் இதைத் தாங்க இயலாது. வலுவான போல்ட் இட்டால் அடுத்துக் கிழிவது பாஸின் கழுத்து வளையமாக இருக்கும்.

தென்காசி வட்டாரச் சூழல்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. தென்காசி நகரை அடுத்துள்ள குத்துக்கல்வலசை, இலஞ்சி, குற்றாலம் ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் அமைந்துள்ளன. இங்கு இவ்வகை இயந்திரங்கள் குளங்களைத் தூர் வாருதல், கால்வாய் சீரமைப்பு, வீட்டுமனை சமன்படுத்துதல், சாலை அகலப்படுத்துதல், கல் குவாரி, எம்-சாண்ட் ஆலைகள் ஆகியவற்றில் பயன்படுத்தப்படுகின்றன. ஒரே இயந்திரம் ஒரு வாரம் குளத்திலும் மறுவாரம் பாறையிலும் வேலை செய்வது இயல்பு. இவ்விரு சூழல்களும் பின் பூட்டை வெவ்வேறு வகையில் பாதிக்கின்றன.

குளத்து வேலையில் வாளி மூட்டு சேற்று நீரில் மூழ்கி எழுகிறது. சீல் தேய்ந்திருந்தால் நீர் உட்புகுந்து கிரீஸை வெளியேற்றும். சேறு காய்ந்து இரட்டை நட்டை மூடிக்கொள்வதால், நட்டு இருக்கிறதா இல்லையா என்பதே கண்ணுக்குத் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, குற்றாலச் சாரல் தொடர்ந்து விழுவதால் நிறுத்தி வைக்கப்பட்ட இயந்திரத்தின் பின்களும் துருப்பிடிக்கும். சாரல் காலத்தில் வேலையின்றி நிற்கும் இயந்திரத்துக்கும் கிரீஸ் இட்டு, வாரம் ஒருமுறையாவது மூட்டுகளை அசைத்து வைப்பது பின் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும்.

குவாரி வேலையில் பகை நீரன்று, தூசி. பாறைத் தூளில் உள்ள குவார்ட்சின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7 ஆகும். இது சாதாரண எஃகைவிடக் கடினமானது. கிரீஸோடு கலந்த குவார்ட்சுத் தூள் அரம்போலச் செயல்பட்டுப் புஷ்ஷைத் தேய்க்கும். பாறையைப் பெயர்க்கும்போது ஏற்படும் அதிர்ச்சியில் நட்டுகள் தளர்கின்றன.

குவாரியில் பல் பின்னுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பூட்டு கழன்று ஒரு பல் கற்களோடு சேர்ந்து தாடை நொறுக்கிக்குள் விழுந்தால், உலோகக் கலவையாலான அப்பல் நொறுங்காமல் சிக்கி இயந்திரத்தை நிறுத்திவிடும் அல்லது உடைத்துவிடும். கடத்துபட்டையின் மேலுள்ள காந்தம் நொறுக்கிக்குப் பிறகே பெரும்பாலும் அமைவதால் இதைத் தடுக்காது. சிக்கிய பல்லை எடுக்க ஆள் இறங்குவது மிக ஆபத்தானது. எனவே பற்களை வேலைக்கு முன்னும் உணவு இடைவேளையிலும் எண்ணிப் பார்ப்பது எளிய தற்காப்பாகும்.

பராமரிப்பு

நாள் தொடக்கத்தில் எஞ்சினை இயக்குமுன் இயந்திரத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு பின்னையும் பார்க்க வேண்டும். சேறு படிந்திருந்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் பின்வருமாறு.

மூட்டின் ஓரத்தில் செந்நிறத் தூள் கசிதல்: கிரீஸ் இல்லாமல் எஃகோடு எஃகு உரசுகிறது.

பாஸின் முகப்பில் புதிய பளபளப்பு: பின்னோ சிம் வாஷரோ பக்கவாட்டில் நகர்கிறது.

பின்னின் ஒரு முனை உள்வாங்கி மறுமுனை நீண்டிருத்தல்: பூட்டு தோல்வியடைந்துள்ளது. வேலையைத் தொடங்கக் கூடாது.

இரு நட்டுகளின் குறுக்கே இட்ட பெயின்ட் கோடு விலகியிருத்தல்: நட்டு சுழன்றுள்ளது.

வாளியைத் திருப்பும்போது கீச்சொலி: புஷ் வறண்டுள்ளது.

அதிக அழுத்தமும் மெதுவான அசைவும் கொண்ட இம்மூட்டுகளுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த லித்தியம் கிரீஸ் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சேற்றிலும் தூசியிலும் வேலை செய்யும் வாளி மூட்டுகளுக்கு நாள்தோறும் கிரீஸ் இட வேண்டும். பழைய கிரீஸ் வெளிவந்து, புதியது சீலின் ஓரத்தில் தெரியும்வரை இடுவது முறை. நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னைப் பொருத்தினால் மணலும் உள்ளே செல்லும். கிரீஸ் ஏறவில்லை எனில் நிப்பிளோ துளையோ அடைத்துள்ளது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த மூட்டுக்குச் செல்வதே பின் ஒட்டிக்கொள்வதற்கான பொதுவான தொடக்கம்.

தேய்மானத்தை அறிய, வாளியைத் தரையில் வைத்து எஞ்சினை நிறுத்தியபின் கடப்பாரையால் மூட்டை நெம்பிப் பார்க்கலாம். பின்னைக் கழற்றும்போது வெர்னியரால் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து, கையேட்டில் உள்ள தேய்மான எல்லையோடு ஒப்பிட வேண்டும். பக்கவாட்டு ஆட்டம் மிகுந்தால் சிம் வாஷர் சேர்க்க வேண்டும். இல்லையெனில் வாளி பக்கவாட்டில் மோதும் விசை பூட்டின் மீது விழும்.

தற்காலிக மாற்றுகளின் தீங்கு

வேலையின் நடுவே பூட்டு உடைந்தால் ஆணி, கட்டுக்கம்பி, வெல்டிங் ராடு, கட்டுமானக் கம்பித் துண்டு ஆகியவற்றைச் செருகிச் சமாளிப்பது பல இடங்களில் காணப்படும் பழக்கம். மெல்லிய கம்பிகள் சில மணி நேரத்தில் அறுந்துவிடும். அறுந்தது வெளியே தெரியாது என்பதே இவற்றின் பெரிய ஆபத்து.

பின்னைப் பாஸோடு வெல்டிங் செய்வது இதைவிடத் தீங்கானது. கடினமாக்கப்பட்ட பின்னின் மேற்பரப்பு வெல்டிங் வெப்பத்தால் விரிசல் காணும். அருகிலுள்ள சீல் கருகும். பின்னர்ப் புஷ் மாற்ற வேண்டுமெனில் வெல்டிங்கை வெட்டி எடுக்க வேண்டும். அதில் வாளியின் காதும் சேதமடையும். வேறு வழியின்றிப் பாஸில் வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த் கவ்வியை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். தொலைவில் பொருத்தினால் மின்னோட்டம் வேறு பின்கள், புஷ்கள் வழியாகப் பாய்ந்து அவற்றையும் பழுதாக்கும்.

சரியான லாக் போல்ட், நட்டு, கோட்டர் பின், பல் பூட்டு ஆகியவற்றில் இரண்டிரண்டை இயந்திரத்தின் கருவிப் பெட்டியிலேயே வைத்திருப்பது இத்தகைய சமாளிப்புகளைத் தவிர்க்கும்.

கழற்றும்போது பாதுகாப்பு

பின்னைக் கழற்றுமுன் வாளியைச் சமதரையில் அமர்த்தி, எஞ்சினை நிறுத்தி, நீரியல் அழுத்தத்தை நெம்புகோல்களை அசைத்து வெளியேற்ற வேண்டும். கையையும் பூமையும் தனியே கட்டைகளால் தாங்க வேண்டும். பின் வெளிவரும் கணத்தில், அது தாங்கியிருந்த உறுப்பு விடுபட்டு உருளும்.

கடினமான பின்னைக் கடினமான சம்மட்டியால் நேரடியாக அடித்தால் எஃகுச் சில்லுகள் தெறித்துக் கண்ணையும் உடலையும் துளைக்கும். இடையில் பித்தளைத் தண்டு வைத்து அடிப்பதும், பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், இயன்றால் நீரியல் இழுவைக் கருவியைப் பயன்படுத்துவதும் பாதுகாப்பானவை. மீண்டும் மாட்டும்போது துளைகள் நேராக உள்ளனவா என்று விரலை விட்டுப் பார்ப்பது விரல் துண்டாக வழிவகுக்கும். இதற்குக் கம்பி அல்லது மரத்துண்டைப் பயன்படுத்த வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரும் மூட்டருகே நிற்கும் உதவியாளரும் ஒருவரையொருவர் பார்க்கும் நிலையில் இருந்து, ஒருவரின் சைகைப்படி மட்டுமே இயந்திரத்தை அசைக்க வேண்டும்.

விரைவு இணைப்பியும் பாதுகாப்புப் பின்னும்

வாளியையும் பாறை உடைக்கும் பிரேக்கரையும் அடிக்கடி மாற்றும் இயந்திரங்களில் விரைவு இணைப்பி பொருத்தப்படுகிறது. இதில் வாளியின் பின்களை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். பழைய வகைகளில் கொக்கி விடுபடாமல் இருக்கக் கையால் ஒரு பாதுகாப்புப் பின்னைச் செருக வேண்டும். இப்பின்னைச் செருகாமல் வேலை செய்தபோது வாளி கழன்று விழுந்து, கீழே நின்ற தொழிலாளர்கள் இறந்த நிகழ்வுகள் பிரித்தானியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் பதிவாகியுள்ளன. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிர்வாகம் இது குறித்து 2005இல் எச்சரிக்கை வெளியிட்டது. விரைவு இணைப்பிகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 13031 ஆகும். இது 2016இல் வெளியிடப்பட்டது.

வாளியை மாட்டியபின் ஓட்டுநர் இறங்கிவந்து பாதுகாப்புப் பின் செருகப்பட்டுள்ளதைக் கண்ணால் பார்த்து, பிறகு வாளியைத் தரையில் அழுத்தியும் இழுத்தும் சோதிப்பது நடைமுறை. எந்த வகைப் பூட்டாயினும், உயர்த்திய வாளியின் கீழ் எவரும் நிற்கக் கூடாது என்ற விதி மாறாது. பின்னும் பூட்டும் சரியாக இருக்கும்போதும் அது பொருந்தும்.